பத்தொன்பது மூட்டை

லைசென்ஸ் தேர்வில் ஒரு கேள்வி ரோண்டாவை நிறுத்தி வைத்தது. பரணில் வெப்பக்காப்பு நிரப்பி முடித்ததும் மாட்ட வேண்டிய அட்டையில் கையெழுத்திட வேண்டியவர் யார்? நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர், ஆய்வாளர், பொருளை விற்றவர், வேலையைச் செய்தவர். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவள் திரையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நான்காவதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

இது இரண்டாவது முறை. முதல் முறை சட்டப் பகுதியில் தோற்றிருந்தாள். பதினெட்டு வருடம் பரண்களில் தவழ்ந்தவள். எந்தப் பரணுக்கு எத்தனை மூட்டைப் பஞ்சு பிடிக்கும் என்று ஏணியில் நின்று எட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டபோதுதான் விழித்தாள். அறுபது மணி நேர வகுப்பையும் சாப்பாட்டு மேசையில் கணினி முன் உட்கார்ந்து கேட்டவள், கோடை முழுக்க அதே மேசையில் மறுபடி படித்தாள். அவள் கணவன் டேல் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். மாலையில் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். தப்பாகச் சொன்னால் வாயால் ஹாரன் அடிப்பான்.

தேர்வு மையத்துக்கு வெளியே அவன் வண்டியில் காத்திருந்தான். மடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு பாஸ்டி, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்டவை. அவள் கதவைத் திறந்து ஏறினாள். அவன் எதுவும் கேட்காமல் ஒன்றை நீட்டினான். கறியும் உருளைக்கிழங்கும் இன்னும் சூடாக இருந்தன. பாதி தின்ற பிறகு அவள் சொன்னாள்.

"பாஸ்."

"தெரியும். தோத்திருந்தா கதவை அறைஞ்சு சாத்தியிருப்பே."

லைசென்ஸ் அக்டோபர் கடைசியில் தபாலில் வந்தது. ரோண்டா ஹைனோ, வெப்பக்காப்பு வேலை, கீழே ஓர் எண். அதுவரை அவள் நிரப்பிய பரண்களெல்லாம் வேறு யாரோ ஒருவருடைய எண்ணின் கீழ் நிரப்பியவை. டேல் அந்த எண்ணை வண்டியின் கதவில் எழுதினான். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அவள் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

முதல் வேலை காரின் என்ற பெண்ணிடமிருந்து வந்தது. தெற்கே வெகுதூரத்தில் இருப்பவள். அப்பா ஆர்விட் லெஹ்தோ ஏரிச் சாலையில் தனியாக இருக்கிறார், எண்பத்து நான்கு வயது, குளிர் தாங்கவில்லை, நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை தன்னோடு அழைத்துப் போகப் போகிறேன் என்றாள். பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறாளாம். வீட்டை வசந்தத்தில் விற்க வேண்டும். அதற்கு முன் பரணைச் சரிசெய்து வைத்தால் நல்லது.

ஆர்விட் லெஹ்தோவை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். பிரசவ வலி எடுத்தவளின் காருக்கு முன்னால் நாற்பது மைல் பனியைத் தள்ளிக்கொண்டே போய் மருத்துவமனையில் விட்டவர் என்று சொல்வார்கள். எத்தனை வீட்டு வாசல் உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும்.

நவம்பர் முதல் வாரத்தில் ரோண்டா பார்வையிடப் போனாள். முந்தின நாள் லேசாகப் பனி விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கூரைகள் வெள்ளையாக இருந்தன. ஆர்விட்டின் கூரை மட்டும் பனி உருகித் திட்டுத்திட்டாகக் கறுத்து, விளிம்பில் அதற்குள் பனிக்கூம்புகள் தொங்கின. உள்ளே இருக்கிற சூடு மேலே ஓடிப்போகிறது. வண்டியை விட்டு இறங்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சமையலறையில் விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஸ்வெட்டர், தலையில் கம்பளித் தொப்பி. சுவரோரம் ஒரு மடக்குக் கட்டில். மாடியில் தூங்குவதை விட்டு மூன்று குளிர்காலம் ஆகிறது என்றார்.

"நீ சல்மி வீட்டுப் பொண்ணுதானே? உங்கப்பன் லாரியை ரெண்டு தடவை பள்ளத்துலேருந்து இழுத்து வெளிய போட்டிருக்கேன்."

"மூணு தடவைன்னு அப்பா சொல்வாரு."

"மூணாவது தடவை பள்ளத்துல கிடந்தது என் வண்டி. அதை உங்கப்பன் சொல்லியிருக்க மாட்டானே."

சொல்லவில்லைதான். ஆர்விட் சிந்தாமல் காபியை ஊற்றினார். குளிரைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. வண்டி ஓட்டிய காலத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் ஓட்டுவாராம், தூக்கம் வராமல் இருக்க. இப்போது வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்றார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தொப்பியைக் கழற்றிவிடுவாராம். இவளுக்காகக் கழற்றவில்லை, பரண்காரியிடம் எதை மறைக்க என்றார்.

"என் பொண்டாட்டி எல்மா போய்ச் சேந்ததுலேருந்துதான் இந்தக் குளிரு. நாலு வருஷமாச்சு. அதுக்குப் பரண்ல போடற பஞ்சு என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. அடுத்து வர்றவங்களாவது சூடா இருக்கட்டும். நீ நல்லாவே பண்ணு."

ரோண்டா மாடிக்குப் போய் ஏணியை விரித்தாள். பரண் கதவைத் தள்ளி, தலைவிளக்கைப் போட்டு, தோள்வரை மேலே நுழைந்தாள்.

சாம்பல் நிறத் தாள்பஞ்சு. பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்வது. காற்று அடித்து அடித்து விளிம்புகளில் மரம் தெரிந்தது. பஞ்சின் உயரம் காட்ட உத்தரத்தில் அறைந்திருந்த காகித அளவுகோலைத் துடைத்துப் பார்த்தாள். ஆறு அங்குலம். கதவுச் சட்டத்தில் ஓர் அட்டை ஆணியில் தொங்கியது. தூசியை ஊதினாள்.

உயரம் பத்தரை அங்குலம். மூட்டைகள் முப்பத்தொன்று. கீழே தேதி, பதினெட்டு வருடத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே உருண்டையான எழுத்தில் ஒரு கையெழுத்து. ரோண்டா சல்மி, கல்யாணத்துக்கு முன் அவள் பெயர்.

அவள் ஏணியிலேயே நின்றாள்.

அது ராய் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வாரத்துக்கு நான்கு வீடு. முகவரியெல்லாம் ராய்க்குத்தான் தெரியும். அவள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவாள், இறங்கியதும் பரணுக்குள் போய்விடுவாள். யார் வீடு என்பதுகூடப் பல நாள் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்த வருடம் சில வீடுகளில் ராய் இயந்திரத்தின் காற்றைக் கூட்டி வைத்து, பஞ்சு போகும் வாயைக் குறைத்து வைத்தார். அப்படி ஊதினால் பஞ்சு நுரை மாதிரி நிற்கும். அளவுகோலில் உயரம் காட்டும். பாதிக்குச் சற்று மேல் மூட்டை போதும். இரண்டு குளிர்காலத்துக்குள் படுத்துவிடும். அதற்குள் வீட்டுக்காரர் மேலே ஏறிப் பார்க்கவா போகிறார்? அட்டையில் மட்டும் மூட்டைக் கணக்கு முழுசாக இருக்க வேண்டும். குழாயைப் பிடித்தவர்தான் கையெழுத்துப் போடுவது என்பது அங்கே வழக்கம். ராய் கீழே நிற்பவர். அவள் மேலே இருப்பவள்.

இது என்ன என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். வயது முப்பத்திரண்டு, தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியாத வயது. வேறு வேலை இல்லை. எழுதினாள். ஒரு வருடத்தில் வேறு ஆளிடம் போய்விட்டாள். பிறகு ஒரு பரணில்கூட ஒரு மூட்டையும் குறைத்ததில்லை. ராய் இறந்தும் எட்டு வருடம் ஆகிறது.

அட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். நான்காக மடித்து மேலாடைப் பைக்குள் வைத்தாள். கீழே வந்து, முப்பத்திரண்டு மூட்டை பிடிக்கும், முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும், விளிம்பில் காற்றுக்கு வழி விட வேண்டும் என்று அவரிடம் சொன்னாள். எல்லாம் உண்மைதான்.

"பழசு என்னாச்சு?" என்று கேட்டார்.

"படுத்துடுச்சு."

"எல்லாம் படுக்கும்" என்றார் அவர்.

சனிக்கிழமை மாலை நீராவிக் குளியலறையான சானாவில் அவள் டேலிடம் சொன்னாள். சூட்டுக் கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஆவி அடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மேல் பலகையில் உட்கார்ந்து வியர்வையை வழித்துக்கொண்டே கேட்டான். எத்தனை மூட்டை போட்டீங்க என்றான். பத்தொன்பது. முப்பத்தொன்றுக்குப் பத்தொன்பது, அந்தக் கணக்கை மட்டும் அவள் மறந்ததே இல்லை.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கூரையைச் சரியாக நிரப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆர்விட்டிடம் சொன்னால் அவர் காபிக் கடையில் உட்கார்ந்து சொல்வார். வெள்ளிக்கிழமைக்குள் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். வண்டிக் கதவில் எழுதிய எண்ணின் ஈரம்கூட இன்னும் காயவில்லை. அவரும் நன்றி நாள் முடிந்ததும் போகப் போகிறவர். பரண் சூடாக இருந்தால் என்ன, குளிர்ந்தால் என்ன அவருக்கு?

"அதாண்டா" என்றாள் ரோண்டா. "அவர் ஏன் போறார்? குளிருதுன்னு போறார்."

டேல் இன்னொரு அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினான்.

வேலைக்குப் போன நாளில் காலையிலேயே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டேல் விடுப்பு எடுத்திருந்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை இறக்கி, குழாயை மாடி ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தார்கள். முதல் மூன்று மணி நேரம் ஊதவே இல்லை. ரோண்டா பழைய பஞ்சை ஒதுக்கித் தள்ளினாள். மின்கம்பி இறங்கும் ஓட்டை, குழாய் ஏறும் ஓட்டை, சுவர் உச்சி இடுக்கு எல்லாவற்றையும் நுரை பீய்ச்சி அடைத்தாள். புகைபோக்கியைச் சுற்றித் தகடு வெட்டி வளைத்து, தீப்பிடிக்காத பசையால் ஒட்டினாள். பிறகு கூரை தாழ்ந்து விளிம்பைத் தொடும் இடங்களுக்கு வயிற்றால் ஊர்ந்து போய், ஒவ்வொரு இடைவெளியிலும் காற்றுக்கு வழிவிடும் தட்டை ஆணி அடித்துப் பொருத்தினாள். கூரை ஆணிகளின் முனைகள் முதுகுக்கு ஒரு சாண் மேலே. மூச்சு முகமூடிக்குள் ஈரமானது. முட்டி இரண்டும் வலித்தன. ஐம்பது வயதில் லைசென்ஸ் வாங்குகிறவளுக்கு முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

புதிய அளவுகோல்களைப் பரண் கதவிலிருந்து பார்த்தால் எண் தெரியும்படி திருப்பி அடித்தாள். பதினாறு அங்குலத்தில் சிவப்புக் கோடு போட்டாள். பிறகு கீழே குரல் கொடுத்தாள்.

டேல் மூட்டையைக் கிழித்து, இறுகிய பாளத்தை உடைத்து இயந்திரத்தின் வாயில் போட்டான். குழாய் உயிர் வந்ததுபோல் துடித்தது. அவள் தூரத்து மூலையில் தொடங்கிப் பின்னால் நகர்ந்தபடி ஊதினாள். ஊதத் தொடங்கும் முன்பே அவளே இறங்கி வந்து, காற்றையும் பஞ்சு போகும் வாயையும் சரியான அளவில் வைத்து, டேலின் விரல் தவறிப் படாமல் ஒட்டுநாடா ஒட்டியிருந்தாள். டேல் அதைப் பார்த்தான். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

மதியம் இடைவேளையில் இருவரும் சமையலறைக்கு வந்தார்கள். ஆர்விட் ஏலக்காய் ரொட்டியைக் கனமாக வெட்டி வைத்திருந்தார். கடையில் வாங்கியது, எல்மா செய்ததுபோல் வராது என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அவர் காலையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வேலை செய்கிறவர்களை எண்ணிப் பார்ப்பது பழைய வழக்கம் போலிருக்கிறது.

"இருபத்தி ரெண்டு ஆச்சு" என்றார் டேலிடம்.

"ஆமா. இன்னும் பத்து."

"வெறும் பையெல்லாம் இப்படிக் குமியுமா? போன தடவை இவ்வளவு இல்லையே." ரொட்டியைக் காபியில் நனைத்தார். "அந்தப் பையை எல்மா ஸ்ட்ராபெரிப் பாத்தியை மூடறதுக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. இருபத்தி நாலு வேணும்னு சொன்னா. பத்தொன்பதுதான் இருந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினா. அவ எதையும் ரெண்டு தடவை எண்ணுவா."

டேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. ரோண்டாவுக்கு அப்போதுதான் அந்தப் பெண்மணி நினைவுக்கு வந்தாள். நீல ஏப்ரன். வாசலில் நின்று, பாவம் பிள்ளை மூஞ்சியெல்லாம் சாம்பல் என்று சொல்லி ஈரத் துணி கொண்டுவந்து கொடுத்தவள். வெறும் பை இன்னும் இருக்குமா என்று கேட்டவள். அவ்வளவுதான் இருக்கு என்று இவள் சொன்னாள்.

ரோண்டா மேலாடைப் பைக்குள்ளிருந்து பழைய அட்டையை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"சல்மின்னா நீதானே."

"நான்தான். முப்பத்தொண்ணுன்னு எழுதினேன். போட்டது பத்தொன்பது. மெஷின்ல காத்தைக் கூட்டி வெச்சா ஒசரமாத் தெரியும். பாக்கறவங்களுக்குச் சரியா இருக்கும். அப்புறம் படுத்துடும். எனக்குத் தெரிஞ்சுதான் எழுதினேன், ஆர்விட். போன வாரம் மேல பாத்தேன். எடுத்துப் பையில வெச்சுக்கிட்டேன்."

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி திருப்பினார்.

"அப்போ இந்தக் குளிரு..."

"உங்க உடம்புல இல்ல. கூரையில. பதினெட்டு வருஷமா சூடெல்லாம் மேல போயிட்டிருக்கு."

"எல்மா இருந்தப்ப குளிரலையே."

அவர் அடுப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார், அவர்களிடம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் காலையில் ஒரு முறை கட்டை போடுவார், மாலையில் ஒரு முறை. அவருடைய அம்மா அப்படித்தான் போடுவாள், அது போதும். எல்மா அப்படியில்லை. மணிக்கொரு தரம் அடுப்பிடம் போய் நிற்பாள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கட்டை தூக்கிக்கொண்டே இருப்பாள். ஒரு குளிர்காலத்துக்கு வாங்கும் விறகு பிப்ரவரியிலேயே தீர்ந்துவிடும். ஒரு காட்டையே எரிச்சுட்டியே என்று அவர் கேலி செய்வார். கடைக்குப் போனாலும், தேவாலயத்துக்குப் போனாலும் எல்லாரிடமும் சொல்வார், என் பெண்டாட்டிக்கு எவ்வளவு எரித்தாலும் பத்தாது என்று. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"ஒரு தடவைகூட வீடு குளிருதுன்னு சொன்னதில்ல" என்றார். "நான் வேலையிலேருந்து வர்றப்ப சூடா இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

டேல் எழுந்து வெளியே போனான். இயந்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தான். ரோண்டா போகவில்லை. திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் திட்டவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"இந்த மாதிரி எத்தனை வீடு?"

"மூணு நிச்சயமாத் தெரியும். இன்னும் இருக்கலாம்."

"போவியா?"

"போவேன்."

அவர் தலையசைத்தார். அவள் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. காரினிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். அன்றைக்குப் போடாத அந்த மூட்டைகள் தன் பொறுப்பு என்றாள்.

"முதல் பன்னெண்டு மூட்டை என்னோடது. அதைக் கணக்குல சேக்க மாட்டேன்."

"இல்ல" என்றார் ஆர்விட். சட்டென்று, பனி வண்டியின் பிரேக் மாதிரி. "அந்தப் பன்னெண்டு உன்னோடது இல்ல. அது எல்மாவோடது. அவ விறகாப் போட்டுட்டா. பதினாலு வருஷம் போட்டா. நீ இன்னிக்குப் போடறதைப் போடு."

அவள் எழுந்து மேலே போனாள். முகமூடியை மாட்டிக்கொண்டாள். பிறகு சுவிட்சை அழுத்தினாள்.

மாலை நாலு மணிக்குச் சிவப்புக் கோடு எல்லா அளவுகோலிலும் மறைந்தது. முப்பத்து மூன்று மூட்டை போயிருந்தது, சொன்னதைவிட ஒன்று அதிகம். பரண் முழுக்க மெத்தை விரித்ததுபோல் கிடந்தது. வெளியே அடித்த காற்றுகூட அங்கே கேட்கவில்லை. கதவுக்குப் பின்பக்கம் தடித்த பலகை ஒட்டினாள். வேலை செய்தது தெரியாமல் மாடியைப் பெருக்கினாள். கடைசியாகப் புதிய அட்டையை எடுத்து ஏணிப் படியில் வைத்து எழுதினாள். உயரம், மூட்டை, தேதி. கையெழுத்து. அதன் பக்கத்தில் லைசென்ஸ் எண். எண்ணை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். இருந்தும் பர்ஸில் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்துத்தான் எழுதினாள்.

ஆர்விட் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு படிக்கு இரண்டு மூச்சு. கையில் பழைய அட்டையும் தச்சர் பென்சிலும் இருந்தன.

"இதையும் மாட்டு."

"எதுக்கு? கிழிச்சுப் போட்டுடறேன்."

"மாட்டு."

அவள் வாங்கிப் பார்த்தாள். முப்பத்தொன்று என்பதை அவர் அடித்திருந்தார். ஒரே கோடு, நேராக. மேலே பத்தொன்பது என்று எழுதியிருந்தார். அவளுடைய பெயருக்குக் கீழே, நடுங்காத பெரிய எழுத்தில், இன்னொரு வரி. மீதிப் பன்னிரண்டு, எல்மா லெஹ்தோ.

ரோண்டா பழைய ஆணியிலேயே முதலில் அதை மாட்டினாள். மேலே தன்னுடையதை மாட்டப் போனவள், கையை எடுத்து, பக்கத்தில் வேறொரு ஆணி அடித்தாள். ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. ஆர்விட் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வரும்வரை விடவில்லை.

டேல் சொன்னது நடந்தது. வெள்ளிக்கிழமை வரைகூட ஆகவில்லை. ஆர்விட் புதன்கிழமையே காபிக் கடையில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், கூட்டாமல் குறைக்காமல், எல்மாவை அவர் செய்த கேலியையும் சேர்த்து. பேசி வைத்திருந்த இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. ஒரு கிழவி கூப்பிட்டு, என் வீட்டுப் பரணிலும் உன் கையெழுத்துத்தான் இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்று கோபமாகச் சொன்னாள். ரோண்டா போனாள். அங்கே மூட்டைக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கிழவி நம்பாமல் தானே ஏணியில் ஏறிப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரிந்த அந்த மூன்று வீடுகளுக்கும் கூப்பிடாமலே போனாள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் காபி கொடுத்தார். மூன்றாவது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசித்து, அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னாள்.

நன்றி நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரின் தனியாகத் திரும்பிப் போனாள் என்று டேல் கேள்விப்பட்டு வந்து சொன்னான். அவள் அப்பா மார்ச் வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஜனவரியில் கடும் குளிர் வந்தது. வானொலியில் குளிர் எத்தனை டிகிரி என்று சொல்லும்போதே ஜன்னலில் உறைபனி படரும். பள்ளிகளை மூடியிருந்தார்கள், டேல் வீட்டில் இருந்தான். காலையில் தொலைபேசி அடித்தது. ரோண்டா எடுத்தாள்.

"சல்மி பொண்ணா?"

"ஹைனோ. சொல்லுங்க ஆர்விட். என்னாச்சு?"

"மாடியில சூடு தாங்கல."

"எவ்வளவு கட்டை போட்டீங்க?"

"மணிக்கொரு தரம்."

"அவ்வளவு வேண்டாம் ஆர்விட். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போதும் இப்ப."

"தெரியும்" என்றார் அவர். "இருந்தாலும் போடறேன். ஜன்னலைத் திறந்து வெச்சுத் தூங்கறேன்."

அவள் திட்டினாள். வெளியே இருக்கும் குளிருக்கு ஜன்னலைத் திறப்பவரை வேறென்ன செய்வது? கஷ்டப்பட்டு அடைத்த சூட்டையெல்லாம் தெருவுக்கு விடுகிறீர்கள் என்றாள். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அவள் முடித்ததும், அந்தப் பக்கம் வந்தால் காபி இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மதியம் அந்தப் பக்கம்தான் ஒரு பரண் பார்க்க வேண்டியிருந்தது. ஏரிச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டினாள். ஆர்விட்டின் கூரையில் பனி இரண்டு அடி உயரத்துக்கு, ஓரிடத்திலும் உருகாமல், ஓரம்வரை சமமாகக் கிடந்தது. ஒரு பனிக்கூம்புகூட இல்லை. புகைபோக்கியிலிருந்து புகை நேராக மேலே போனது. மாடி ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது.